பழைய ரிமோட் கார்களின் மோட்டார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தவர்கள் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்த ரிமோட் கார்கள், கன்னியாகுமரி மாவட்டத்தில் பல வீட்டுப் பரண்களில் இன்னமும் இருக்கின்றன. அவற்றை மீண்டும் ஓடவைக்க விரும்புகிறவர்கள் நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். முதலில் அடிப்படையானவை, போகப் போகச் சிக்கலானவை.

1. மாமா குவைத்திலிருந்து கொண்டுவந்த கார் இது. பழுதுபார்க்கத் தகுந்த வண்டியா, வெறும் விளையாட்டுச் சாமானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வண்டியைக் கவிழ்த்துப் பின்புறத்தைப் பாருங்கள். உருளை வடிவ உலோக மோட்டார் இரண்டு திருகுகளால் தனியாகப் பிடிக்கப்பட்டிருந்து, பேட்டரி, ரிசீவர் (ரிமோட்டின் சைகையை வாங்கும் பெட்டி), சர்வோ (அந்தச் சைகைப்படி கை ஒன்றை அசைக்கும் சிறு மோட்டார் பெட்டி) ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்ற முடிந்தால், அது உதிரி பாகம் மாற்றிப் பழுதுபார்ப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட வண்டி. எல்லாமே ஒரே சர்க்யூட் பலகையில் பற்றவைக்கப்பட்டு, விரல் நுனி அளவு மோட்டார் ஒன்று உள்ளே ஒளிந்திருந்தால் அது விளையாட்டுச் சாமான். இந்தப் பக்கத்தில் உள்ளவை அதற்குப் பெரும்பாலும் பொருந்தாது.

நம் பகுதியில் அதிகம் கண்ணில் படுபவை ஜப்பானின் டாமியா நிறுவனத்தின் வண்டிகள். அந்நிறுவனத்தின் முதல் ரிமோட் கார் 1976-இல் வந்த போர்ஷே 934. அதன் பிறகு ஃப்ராக் என்ற மாடல் 1983-இலும், கிராஸ்ஹாப்பரும் ஹார்னெட்டும் 1984-இலும், ஹாட்ஷாட் 1985-இலும் வந்தன. மற்றொரு ஜப்பான் நிறுவனமான கியோஷோவின் ஸ்கார்ப்பியன் 1982-ஐச் சேர்ந்தது. இவற்றில் பலவற்றை டாமியா 2004-க்குப் பிறகு மறுபடியும் தயாரித்து விற்றது. அந்த மறுவெளியீடுகளின் உதிரி பாகங்களில் கணிசமானவை பழைய வண்டிக்கும் சேரும் என்பதால், நாற்பது ஆண்டு பழைய வண்டியையும் இன்று நம்பிக்கையோடு கையில் எடுக்கலாம்.

2. 380 மோட்டார், 540 மோட்டார் என்கிறார்களே, எண் கூடினால் வேகம் கூடும் என்று அர்த்தமா?

இல்லை. அந்த எண் மோட்டாரின் உடல் அளவைக் குறிக்கிறது. 540 என்பது ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் விட்டமும் 50 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. அதன் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) 3.17 மில்லிமீட்டர் தடிமன். 380 என்பது ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் விட்டமும் 38 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது; ஷாஃப்ட் 2.3 மில்லிமீட்டர். கிராஸ்ஹாப்பர் 380-உடனும் ஹார்னெட் 540-உடனும் விற்கப்பட்டன. ஷாஃப்ட் தடிமன் வேறுபடுவதால் ஒன்றின் பினியன் (ஷாஃப்ட் முனையில் ஏறும் சிறு பல்சக்கரம்) மற்றொன்றில் ஏறாது என்பதை வாங்கும் முன்பே நினைவில் வையுங்கள்.

வேகத்தைத் தீர்மானிப்பது உள்ளே சுற்றப்பட்டிருக்கும் கம்பியின் சுற்று எண்ணிக்கை. சுற்று குறைந்தால் சுழற்சி வேகமும், இழுக்கும் மின்சாரமும் கூடும். வண்டியோடு வரும் வெள்ளி நிற 540 மோட்டார் 27 சுற்று வகையை ஒட்டியது. 35, 45, 55 சுற்று மோட்டார்கள் மெதுவாக ஏறும் லாரி, ஜீப் வகைகளுக்கானவை. 20-க்குக் கீழே போனால் அது பந்தயக்காரர்களின் உலகம்.

3. இருபது வருடமாகப் பரணில் கிடந்தது. நேராக பேட்டரியைச் சொருகிப் பார்த்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். காய்ந்து இறுகிய கிரீஸும் துருப்பிடித்த புஷ்ஷும் (ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையம்) மோட்டாரைச் சுழல விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்போது முழு மின்சாரம் கொடுத்தால், சில நொடிகளில் சுருள் கருகிவிடும். முதலில் மோட்டாரைக் கியர் பாக்ஸிலிருந்து கழற்றி, பினியனை விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நல்ல மோட்டார் காந்தத்தின் இழுப்பால் ஒவ்வொரு நிலையிலும் ஒருமுறை நின்று, தாண்டி, மீண்டும் நிற்கும். அந்தத் தாண்டல் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்க வேண்டும். உரசல் ஒலி கேட்டாலோ ஓரிடத்தில் மட்டும் இறுகினாலோ, சுத்தம் செய்யாமல் மேலே போகக் கூடாது.

அடுத்தது மல்டிமீட்டர். இரண்டு முனைகளுக்கும் இடையே மின்தடை மிகக் குறைவாக, ஒரு ஓமுக்கும் கீழே இருக்கும். அதன் துல்லியமான அளவைவிட, ஷாஃப்ட்டை ஒரு முழுச் சுற்று திருப்பும்போது அளவு எந்த இடத்திலாவது அறுந்துபோகிறதா என்பதே முக்கியம். ஷாஃப்ட்டோடு சுழன்று சுருள்களுக்கு மின்சாரத்தை மாற்றி மாற்றிக் கொடுக்கும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரில் மூன்று துண்டுகள் உண்டு. ஒரு நிலையில் மட்டும் இணைப்பு அறுந்தால் அந்தத் துண்டில் அழுக்கு இருக்கிறது, அல்லது அதன் சுருள் விட்டுப்போயிருக்கிறது. முனைக்கும் வெளி உறைக்கும் இடையே இணைப்பே காட்டக் கூடாது. இவை சரியாக இருந்தால், இரண்டு சாதாரண பென்சில் பேட்டரிகளை ஹோல்டரில் போட்டு, 3 வோல்ட்டில் சுமையில்லாமல் ஓடவிட்டுப் பாருங்கள். வண்டியோடு கிடந்த பழைய நிக்கல் கேட்மியம் பேட்டரியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதன் முனைகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் கசிந்துவிட்டது என்று பொருள்.

4. டப்பா மடக்கி மூடிய மோட்டார். திறக்க வழியில்லை. எப்படிச் சுத்தம் செய்வது?

வெள்ளி நிற 540-இல் உறையின் விளிம்பை மடித்தே பின்மூடியைப் பிடித்திருக்கிறார்கள். அந்த மடிப்பை நிமிர்த்தித் திறக்க முடியும். ஆனால் மறுபடி மடிக்கும்போது ஒடிந்துவிடும் அபாயம் உண்டு. எனவே திறக்காமல் செய்யக்கூடியதை முதலில் செய்யுங்கள். பின்மூடியின் இடைவெளி வழியாக டார்ச் அடித்தால் கம்யூட்டேட்டர் தெரியும். சீரான செம்பழுப்பு நிறம் நல்லது. கறுத்து, துண்டுகளுக்கு இடையேயுள்ள கோடு மறைந்திருந்தால் கார்பன் தூள் அடைத்திருக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையோ மின் இணைப்புகளுக்கான கான்டாக்ட் கிளீனரையோ உள்ளே செலுத்தி, ஷாஃப்ட்டைக் கையால் திருப்பி, கறுப்பு நீர் வெளியேறி நிறம் தெளியும்வரை திரும்பச் செய்யுங்கள். பிறகு முழுமையாக உலர விடுங்கள். ஆல்கஹால் ஈரம் உள்ளே இருக்கும்போது மின்சாரம் கொடுத்தால், பிரஷ்ஷின் (கம்யூட்டேட்டரைத் தொட்டு மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டு) தீப்பொறியே அதைப் பற்றவைத்துவிடும். பெட்ரோலால் கழுவுவதைச் சிலர் வழக்கமாக வைத்திருக்கிறார்கள். தீ விபத்துக்கும் பிளாஸ்டிக் மூடி கெடுவதற்கும் அது நேர்வழி.

பின்மூடி திருகால் பூட்டப்பட்ட மோட்டார்களில் பிரஷ்ஷையும் ஸ்பிரிங்கையும் தனியாக எடுக்கலாம். அப்படிப்பட்டதைத் திறக்கும் முன், மூடியும் உறையும் சேரும் இடத்தில் கூரிய ஆணியால் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். மூடி எந்தக் கோணத்தில் இருந்தது என்பது பின்னர் பெரிதும் தேவைப்படும்; காரணம் கேள்வி 12-இல் இருக்கிறது.

5. புஷ்ஷுக்குத் தேங்காய் எண்ணெய் போதாதா? இல்லையென்றால் டபிள்யூடி-40?

இரண்டும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறைகிறது, நாள்பட்டால் பிசினாகி தூசியைச் சேர்க்கிறது. டபிள்யூடி-40 துருவை இளக்கவும் ஈரத்தை விரட்டவும் நன்றாக உதவும், ஆனால் நின்று உழைக்கும் எண்ணெயாக மோட்டார் புஷ்ஷுக்குப் போதாது. தையல் மெஷின் எண்ணெய் மிகப் பொருத்தமானது. ஊசி முனையால் இரு பக்க புஷ்ஷிலும் ஒவ்வொரு சொட்டு மட்டும் விடுங்கள். கூடுதலாக விட்டால் கம்யூட்டேட்டருக்கு வழிந்து, கார்பன் தூளோடு சேர்ந்து கறுப்புப் பசையாகி, சுத்தம் செய்த வேலையெல்லாம் வீணாகும்.

6. குளச்சலில் கடலுக்குப் பக்கத்து வீடு. மோட்டார் உறை முழுக்கத் துரு. இனி இது தேறுமா?

உறையின் வெளிப்புறத் துரு பார்வைக்குத்தான் மோசம். கேடு செய்வது உள்ளே இருக்கும் துரு. உள்ளே சுழலும் பாகமான ஆர்மேச்சர் மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்யப்பட்டது. அதற்கும் காந்தத்துக்கும் இடையே இருப்பது மிகக் குறுகிய இடைவெளி. தகடுகளில் துரு உப்பினால் அது காந்தத்தை உரசும். ஷாஃப்ட்டைத் திருப்பும்போது கரகரவென்று, எல்லாச் சுற்றிலும் ஒரே இடத்தில் கேட்கும் ஒலி இதன் அடையாளம். அத்தகைய மோட்டாரைத் திறந்தே ஆக வேண்டும். நுண்ணிய எமரித் தாளால் தகடுகளின் மேல்முகத்தை மட்டும் தேய்த்து, தூளை முழுவதும் துடைத்தெடுத்து, சுருளின் வார்னிஷ் பூச்சைத் தொடாமல் வேலையை முடிக்க வேண்டும்.

கரையோரத்தில் ஓட்டுகிறவர்களுக்கு மேலும் ஒன்று. மணவாளக்குறிச்சிப் பகுதியின் கருமணலில் இல்மனைட் உள்ளிட்ட கனிமங்கள் கலந்திருக்கின்றன. அங்கே இயங்கும், மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல்லின் ஆலை அந்தக் கனிமங்களைப் பிரிக்கக் காந்தப் பிரிப்பானையும் பயன்படுத்துகிறது. அதே மணலில் காற்றுத் துளைகள் உள்ள மோட்டாரை ஓட்டினால், கரிய துகள்கள் காந்தத்தை நாடி உள்ளே ஏறும். ஏறியவை காற்றடித்தால் போகாது. ஈரத் துணியைக் குச்சியில் சுற்றித் துடைத்துத்தான் எடுக்க வேண்டும். மணலில் ஓட்டியே தீர வேண்டுமென்றால் துளைகள் குறைந்த, மூடிய டப்பா மோட்டாரையே போடுங்கள். குலசேகரம், திருவட்டாறு பக்கத்துச் செம்மண் தூசி காந்தத்தை இந்த அளவுக்கு நாடாது. ஆனால் அது பிரஷ்ஷுக்கும் கம்யூட்டேட்டருக்கும் இடையே புகுந்து இரண்டையும் அரிக்கும்.

ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் வண்டியைப் பரணில் வைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் மோட்டாரைத் தனியாக வைப்பது நல்லது.

7. புதிய கார்பன் பிரஷ் போட்டேன். முன்பைவிட மெதுவாக ஓடுகிறது, பொறியும் பறக்கிறது. கார்பன் போலியா?

போலியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. புதிய பிரஷ்ஷின் முகம் தட்டையாகவும் கம்யூட்டேட்டர் வளைவாகவும் இருப்பதால், தொடக்கத்தில் ஒரு மெல்லிய கோட்டளவே இரண்டும் தொடுகின்றன. மின்சாரம் அனைத்தும் அந்தக் கோட்டின் வழியே போவதால் பொறி பறக்கிறது. 2 அல்லது 3 வோல்ட்டில், சுமையில்லாமல், சில நிமிடங்கள் ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி ஓடவிடுங்கள். பிரஷ் முகத்தின் பெரும்பகுதி பளபளப்பாகத் தேய்ந்த பிறகே வண்டியில் பூட்டுங்கள். மோட்டாரைத் தண்ணீரில் மூழ்கவைத்து ஓட்டினால் இந்த வேலை விரைவாக முடியும் என்பது உண்மைதான். ஆனால் பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் அதில் தேவைக்கு மேல் தேய்கின்றன. பழைய மோட்டாரில் தேய்த்துக் கழிக்க அவ்வளவு செம்பு மிச்சமிருப்பதில்லை.

8. பழைய மோட்டார் ஓடுகிறது. ஆனாலும் கொஞ்சம் வேகமான மோட்டாராகப் போட்டால் என்ன தப்பு?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். என் உறுதியான கருத்து: மோட்டாரைத் தேர்வு செய்ய வேண்டியது உங்கள் ஆசையை வைத்தன்று, அந்த வண்டியில் எது முதலில் உடையும் என்பதை வைத்து. பழைய வண்டியின் கியர் பாக்ஸ் அன்றைய 6 செல், 7.2 வோல்ட், 1200 மில்லிஆம்பியர் மணி பேட்டரியையும் அதோடு வந்த மோட்டாரையும் தாங்கும்படி வார்க்கப்பட்டது. அந்தப் பிளாஸ்டிக்குக்கு இப்போது நாற்பது வயது. ஃப்ராக் வண்டியில் பின்சக்கரங்களுக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட்டின் அறுகோண முனைகள், மோட்டாரின் பலம் கூடக் கூட உருண்டு தேய்ந்துவிடும். ஹாட்ஷாட்டில் நான்கு சக்கரங்களுக்கும் விசை பிரிந்து போவதால் பற்கள் அதிகம். ஒரு பல் போனாலும் பாதி வண்டியைப் பிரித்தாக வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை இது. உதிரி கிடைக்காத வண்டிக்கு, ஏற்கெனவே இருந்த அளவிலேயே 27 சுற்று வகை. மறுவெளியீடு வந்து உதிரி தாராளமாகக் கிடைக்கும் வண்டிக்கு 23 சுற்று வரை போகலாம், அதுவும் பினியனில் ஒரு பல்லைக் குறைத்துக்கொண்டு. கிராஸ்ஹாப்பரில் 380-இலிருந்து 540-க்கு மாறுவதே கண்கூடான முன்னேற்றம். அந்த வண்டியின் சஸ்பென்ஷன் அதைவிட வேகமானதைத் தரையில் பிடித்து நிறுத்தாது, குதித்துக்கொண்டேதான் போகும். புஷ்களுக்குப் பதிலாக பால் பேரிங் போட்டால், மோட்டாரை மாற்றாமலேயே வண்டி நன்றாக லேசாகும். முதல் செலவை அதில் செய்யுங்கள்.

9. பினியனை எப்படிப் பொருத்துவது? பல் ஒன்றோடொன்று சேர்ந்தால் போதும்தானே?

சேர்வது போலத் தோன்றுவது போதாது. பல்லின் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். எண்பதுகளின் டாமியா பக்கி வகை வண்டிகள் பலவற்றில் 0.8 மாட்யூல் (பல்லின் பருமனைக் குறிக்கும் மில்லிமீட்டர் அளவு) பல் இருந்தது. அங்குல முறை அளவான பிட்ச்சில், 32 பிட்ச் பினியன் அதற்கு மிக நெருங்கிவரும். பின்னாளில் வந்தவை 0.6-உம் 0.4-உம். 48 பிட்ச் பினியனை 0.6-இல் போட்டால் சத்தமும் தேய்மானமும் உறுதி. மோட்டாரை நகர்த்திப் பொருத்தும் வசதி இருந்தால், இரு பற்களுக்கிடையே ஒரு துண்டு நோட்டுத் தாளை வைத்து அழுத்தித் திருகை இறுக்கி, பிறகு பல்சக்கரத்தைச் சுழற்றித் தாளை வெளியே எடுங்கள். மிஞ்சும் மெல்லிய இடைவெளி போதும். துளை நிரந்தரமாக உள்ள கியர் பாக்ஸில், வண்டியோடு வந்த கையேட்டில் சொன்ன பல் எண்ணிக்கைதான் சேரும்.

சரியாகத் தேர்ந்தீர்களா என்பதை மோட்டாரின் சூடு சொல்லும். ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தியதும் உறையில் விரலை வைத்து மூன்று நொடி பொறுக்க முடியவில்லை என்றால், பினியனில் பல்லைக் குறையுங்கள்.

10. மூன்று நிலை ஸ்பீடு கன்ட்ரோலரும் சர்வோவும் அப்படியே இருக்கின்றன. வைத்துக்கொள்ளவா, எலெக்ட்ரானிக் போடவா? லிப்போ பேட்டரி போடலாமா?

பழைய கன்ட்ரோலரில் சர்வோவின் கை ஒரு செப்புத் தகட்டை நகர்த்தும். முதல் இரண்டு நிலைகளில் மின்சாரம் பீங்கான் ரெசிஸ்டர் வழியாகச் சென்று, மிச்ச ஆற்றல் முழுதும் சூடாக வீணாகும். வண்டி அசலாக இருக்க வேண்டும் என்பவர்கள் தகட்டை நுண்ணிய எமரித் தாளால் துலக்கி, 27 சுற்று மோட்டாரோடு வைத்துக்கொள்ளலாம்; பாதி வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டுவது மட்டும் கூடாது. அதைவிடச் சுற்று குறைந்த மோட்டாரைப் போட்டால் தகடு கருகும். அடிக்கடி ஓட்டுகிறவர்கள், பிரஷ் மோட்டாருக்கான எலெக்ட்ரானிக் கன்ட்ரோலரை வாங்கி, பழையதைக் கழற்றிப் பத்திரப்படுத்துவதே சரி. புதிய கன்ட்ரோலரே ரிசீவருக்கும் மின்சாரம் தருவதால், ரிசீவருக்கென்று முன்பு இருந்த தனிப் பேட்டரியை எடுத்துவிட வேண்டும்.

இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி), பெயருக்கு 7.4 வோல்ட் என்றாலும் முழு சார்ஜில் 8.4 வோல்ட். மோட்டாரின் வேகம் அந்த அளவுக்கு உயரும் என்பதால், கேள்வி 8-இல் சொன்ன பலவீனங்கள் இங்கும் பொருந்தும். கன்ட்ரோலரில் லிப்போவுக்கான தாழ் மின்னழுத்த நிறுத்தம் (பேட்டரி அளவுக்கு மீறிக் காலியாகும் முன் ஓட்டத்தை நிறுத்தும் வசதி) இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். டாமியாவின் டிபிஎல்இ-02எஸ் கன்ட்ரோலரில் அது கிடையாது. அப்படிப்பட்டதற்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியே பாதுகாப்பானது. பேட்டரியை இணைக்கும் வெள்ளை நிற டாமியா கனெக்டர் இளகிப் பழுப்பேறி இருந்தால், மோட்டாரைக் குறை சொல்லும் முன் அதை மாற்றுங்கள்.

11. மோட்டாரில் ஒட்டியிருக்கும் சின்னக் கண்டென்சர்கள் ஒடிந்துவிட்டன. அவை இல்லாமலும் ஓடுகிறதே?

மோட்டார் ஓடும், ஆனால் பிரஷ்ஷின் பொறியால் எழும் மின் இரைச்சல் ரிசீவரைக் குழப்பி, சர்வோ தானாகத் துடிக்கும். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ரிசீவரில் இது அதிகம், 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாறியவர்களுக்குக் குறைவு. 104 என்று எழுதிய 0.1 மைக்ரோஃபாரட் பீங்கான் கண்டென்சர் மூன்று வாங்கி, ஒன்றை இரு முனைகளுக்கு இடையிலும், மற்ற இரண்டை ஒவ்வொரு முனைக்கும் உறைக்கும் இடையிலும் பற்றவையுங்கள். உறையில் ஈயம் பிடிக்க, முதலில் அந்த இடத்தை எமரித் தாளால் சுரண்டிவிட வேண்டும்.

சில பழைய மோட்டார்களின் முனைகளுக்கு இடையே டயோடு ஒன்றும் இருக்கும். அது முன்னோக்கி மட்டும் ஓடும் கன்ட்ரோலருக்கானது. ரிவர்ஸ் உள்ள கன்ட்ரோலரோடு அதை விட்டுவைத்தால், ரிவர்ஸ் கொடுத்த கணமே ஷார்ட் ஆகி, டயோடோ கன்ட்ரோலரோ போய்விடும்.

12. சார், வயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் சுற்றுகிறது. பழுதா?

பழுதன்று. பந்தய வகை மோட்டார்களில் பின்மூடியைச் சில டிகிரி திருப்பி, பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் சந்திக்கும் நேரத்தை முன்கூட்டி வைத்திருப்பார்கள். அது ஒரு திசைக்கு மட்டுமே உதவும். எதிர்த்திசையில் வேகம் குறைந்து, பொறியும் சூடும் கூடும். வண்டியோடு வரும் வெள்ளி நிற மோட்டாரில் இந்த முன்னகர்வு இல்லை என்பதால், அது எந்தப் பக்கமும் ஒரே போல ஓடும். உங்கள் கியர் பாக்ஸ் மோட்டாரை எந்தத் திசையில் சுழற்றுகிறது என்று பார்த்த பிறகே இத்தகைய மோட்டாரை வாங்குங்கள்.

1987-இல் வந்த க்ளாட் பஸ்டர் வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அதில் இரண்டு 540 மோட்டார்கள். முன் அச்சும் பின் அச்சும் ஒரே அமைப்பு, ஒன்று எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டது. ஆகவே இரு மோட்டார்களும் எதிரெதிர்த் திசையில் சுழல்கின்றன. நேரம் முன்னகர்த்திய ஒரே வகை மோட்டார் இரண்டைப் போட்டால் ஒன்று இழுக்கும், மற்றொன்று திணறும். அதற்கு வெள்ளி நிற மோட்டார்களே சரி. இரண்டும் ஒரே கன்ட்ரோலரில் இணைவதால், இரண்டின் மின்சாரத்தையும் சேர்த்துத் தாங்கும் கன்ட்ரோலர் தேவை.

13. காந்தம் பலம் இழந்துவிட்டது என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

காந்தம் தளர்ந்த மோட்டார் சுமையில்லாதபோது முன்பைவிட வேகமாகச் சுற்றும். வண்டியில் போட்டால் இழுவை இருக்காது, சூடு மட்டும் ஏறும். கேள்வி 3-இல் சொன்ன விரல் சோதனையை, அதே வகையைச் சேர்ந்த நல்ல மோட்டார் ஒன்றோடு ஒப்பிட்டுச் செய்தால் வேறுபாடு கையிலேயே தெரியும். ஆனால் ஓடிச் சூடான நிலையில் இதைச் சோதிக்காதீர்கள். இவற்றில் உள்ள ஃபெரைட் காந்தம் சூட்டில் பலம் குறைந்து, ஆறியதும் பெரும்பாலும் மீளக்கூடியது.

14. வடசேரியில் ஃபேன், மிக்ஸிக்குக் காயில் கட்டும் கடையில் கொடுத்தால் இதையும் கட்டித் தருவார்களா?

மூன்று பற்கள் மட்டுமே உள்ள ஆர்மேச்சர் என்பதால், கைதேர்ந்தவருக்குக் கட்டுவது பெரிய வேலையன்று. பழைய சுருளைப் பிரிக்கும்போதே சுற்றுகளை எண்ணி, கம்பியின் தடிமனையும் சுற்றின் திசையையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிக்கல் அதன் பிறகுதான். சுமையில்லாமல் நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றைத் தொடக்கூடிய மோட்டாரில் ஒரு பக்கம் சிறிது கனத்தாலும் அதிர்வு புஷ்ஷைத் தின்றுவிடும். இரண்டு சவர பிளேடுகளின் விளிம்பில் ஷாஃப்ட்டைக் கிடத்தினால் கனமான பக்கம் கீழே உருளும். எதிர்ப்பக்கச் சுருளில் எப்பாக்ஸி வைத்துச் சமன் செய்யலாம். அதோடு சுருள் பிரியாதபடி வார்னிஷ் நன்கு ஊறி உலர வேண்டும்.

கம்யூட்டேட்டரில் பள்ளம் விழுந்திருந்தால் லேத் பட்டறையில் கொடுக்கலாம். கோடு மறையும் அளவுக்கு மட்டும், மிக மெல்லியதாகச் சீவச் சொல்லுங்கள். சீவிய பின் மூன்று துண்டுகளுக்கும் இடையிலுள்ள பிளவில் செம்புத் துகள் தங்காமல் கூரிய பிளேடால் கீறிவிட வேண்டும். சாதாரண வெள்ளி நிற மோட்டாருக்கு இந்தச் செலவு தேவையில்லை, புதியதே மலிவு. டாமியாவின் டெக்னிகோல்டு போன்ற, இன்று எளிதில் கிடைக்காத மோட்டார் கையில் இருந்தால் தயங்காமல் செய்யுங்கள். கட்டி வந்த மோட்டாரை மறுபடியும் 3 வோல்ட்டிலிருந்தே தொடங்கிச் சோதியுங்கள்.